இருபது ரூபாய் யாருக்கு?

33,500 ரூபாயை 30 பேருக்குச் சமமாகப் பிரிக்க வேண்டும். ஆளுக்கு எவ்வளவு? இந்தக் கேள்விக்கு ஒரே அலுவலகத்தில் மூன்று விடைகள் இருந்ததை நான் பார்த்திருக்கிறேன். கணினித் திரையில் 1,116.67. ரசீதில் 1,117. தரவுத்தளத்தில் 1,116.666 என்று தொடங்கி ஆறுகளாக நீண்டுகொண்டே போன ஓர் எண். மூன்றையும் காட்டியது ஒரே மென்பொருள். எழுதியவன் நான்.

2012இல், காவிரிப் பாசனப் பகுதியின் ஒரு சிறு நகரத்தில் இருந்த சீட்டுக் கம்பெனிக்காக அதை எழுதினேன். பதிவு பெற்ற கம்பெனி. பன்னிரண்டு குழுக்கள் ஓடிக்கொண்டிருந்தன. அதுவரை எல்லாக் கணக்கும் நீண்ட பேரேடுகளில், பல ஆண்டுகளாக அங்கே வேலை பார்த்த ஒரு கணக்காளரின் கையெழுத்தில் இருந்தது. எனக்கு அது முதல் சொந்த ஒப்பந்த வேலை. மூன்று மாதத்தில் முடித்துக் கொடுத்துவிட்டு, அடுத்த இரண்டு ஆண்டுகளை அதைத் திருத்துவதில் கழித்தேன். மென்பொருளை எப்படிக் கட்ட வேண்டும் என்று எனக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி அந்த இரண்டு ஆண்டுகளில் கற்றதுதான்.

ஏலச்சீட்டு தெரியாத தமிழர் குறைவு. இருந்தாலும் கணக்கை ஒருமுறை சொல்லிவிடுகிறேன், பின்னால் வருவதெல்லாம் இதன்மேல்தான் நிற்கிறது. ஒரு குழுவில் 30 பேர். ஆளுக்கு மாதம் 5,000 ரூபாய், 30 மாதங்கள். மாதந்தோறும் சேரும் தொகை 1,50,000. பணம் அவசரமாகத் தேவைப்படுகிறவர்கள் ஏலத்தில் தள்ளிக் கேட்பார்கள். ஒருவர் 41,000 தள்ளி எடுத்தால் அவர் கைக்கு 1,09,000 போகும். தள்ளிய 41,000இல், சீட்டுத் தொகைக்கு 5 சதவீதம் என்ற கணக்கில் 7,500 ரூபாய் கம்பெனியின் கமிஷன். மீதி 33,500 முப்பது பேருக்கும் பங்காகப் பிரியும். ஒவ்வொருவரும் அந்தப் பங்கைக் கழித்துக்கொண்டு தவணை கட்டினால் போதும்.

முதல் மாத முடிவில் கணக்காளர் என்னை அழைத்து உட்கார வைத்தார். "தம்பி, பிரிக்க இருந்தது 33,500. உங்கள் ரசீதுகளைக் கூட்டினால் 33,510 கொடுத்திருக்கிறோம். அந்தப் பத்து ரூபாய் யாருடையது?"

பத்து ரூபாய்தானே என்று அவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. பன்னிரண்டு குழுக்களிலும் ஒவ்வொரு ஏலத்திலும் இப்படி ஒரு சிறு தொகை கூடவோ குறையவோ செய்தது. பிறர் பணத்தை வைத்திருக்கும் இடத்தில் கணக்கு நேராகாமல் இருப்பது, தொகை எவ்வளவாக இருந்தாலும், ஒரு குற்றச்சாட்டைப் போல அந்த மேசைமேல் கிடக்கும்.

அவர் எப்படிப் பிரித்துவந்தார் என்று கேட்டேன். ஆளுக்கு 1,116. சில்லறை பார்ப்பதில்லை, 25 பைசாவே 2011 ஜூன் 30க்குப் பிறகு செல்லாமல் போய்விட்டது, பைசாவை யார் வாங்குவார்கள்? முப்பது பேருக்கும் 1,116 கொடுத்தால் 33,480 போகும். மிச்சம் 20 ரூபாய். அதை அடுத்த மாதம் பிரிக்க வேண்டிய தொகையோடு சேர்த்துவிடுவார். இதை ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று கேட்டபோது அவருக்கு என் கேள்வியே விளங்கவில்லை. "வேறு எப்படித் தம்பி செய்வார்கள்?" என்றார். அவரைப் பொறுத்தவரை அது ஒரு விதியே இல்லை. வகுத்தல் என்றாலே அப்படித்தான்.

திருத்துவது எளிது என்று நினைத்தேன். ஆனால் அந்த வகுத்தல் எங்கே இருந்தது என்றால், "ஏலத்தை முடி" என்ற பொத்தானுக்குப் பின்னால், எழுநூறு வரி நீளமுள்ள ஒரே செயற்கூற்றுக்குள், அதாவது ஒரு வேலைக்காக எழுதும் நிரல் துண்டுக்குள், இருந்தது. அது திரையிலிருந்து எண்களைப் படிக்கும், கணக்குப் போடும், தரவுத்தளத்தில் எழுதும், ரசீது அச்சடிக்கும். இடையில் நான்கு இடங்களில் கணினியின் கடிகாரத்தைப் பார்த்து இன்று என்ன தேதி என்று கேட்கும். ஒரே ஒரு வகுத்தல் சரியா என்று பார்க்க வேண்டுமானால் 30 உறுப்பினர்களைப் பதிய வேண்டும், அச்சுப்பொறியை இணைக்க வேண்டும், அடுத்த மாதத்துக்கு என்ன ஆகிறது என்று பார்க்கக் கணினியின் தேதியையே மாற்ற வேண்டும். நான் மாற்றினேன். திரும்பச் சரிசெய்ய மறந்த ஒரு மாலையில் பதினோரு ரசீதுகள் அடுத்த மாதத் தேதியோடு மக்கள் கைக்குப் போய்விட்டன. அவர்களில் ஒருவர் மறுநாள் காலை வந்து, ரசீதைக் கவுண்டரில் வைத்துவிட்டு எதுவும் பேசாமல் நின்றார். அந்த முகம் இன்னும் நினைவில் இருக்கிறது.

பைசாவை முழு ரூபாயாக்கும் முறையைத் திரையில் திருத்தினால் ரசீதில் தவறியது. ரசீதில் திருத்தினால் பேரேட்டு அறிக்கை வேறு எண்ணைக் காட்டியது. இப்படியே ஓராண்டு போயிற்று.

அந்த ஓராண்டின் கடைசியில் ஒருநாள் மேலாளருக்காகக் காத்திருந்தபோது, இரும்பு அலமாரியில் அடுக்கியிருந்த கோப்புகளில் ஒன்றை எடுத்துப் புரட்டினேன். ஒரு குழுவின் சீட்டு ஒப்பந்தம். 1982ஆம் ஆண்டின் சீட்டு நிதிச் சட்டப்படி, சீட்டுத் தொடங்கும் முன்பே இந்த ஒப்பந்தத்தை எழுதி, சந்தாதாரர்களிடம் கையெழுத்து வாங்கி, சாட்சிகள் கையொப்பமிட்டு, பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும். எத்தனை பேர், எத்தனை தவணை, ஏலம் எந்த நாள் எத்தனை மணிக்கு, கமிஷன் எவ்வளவு, அதிகபட்சம் எவ்வளவு தள்ளலாம், தவணை தவறினால் என்ன ஆகும் என்று எல்லாம் அதில் இருந்தன. ஓராண்டாக நான் தட்டுத்தடுமாறிக் கண்டுபிடித்த விதிகளில் பாதி அங்கே அச்சில் இருந்தது. வேலையைத் தொடங்கும்போது கம்பெனியில் நான் கேட்டதெல்லாம் திரை எப்படி இருக்க வேண்டும், ரசீது எந்த அளவுத் தாளில் வேண்டும் என்பவைதான். விதி என்ன என்று கேட்கவே இல்லை.

மென்பொருள் என்ன செய்ய வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிவைப்பதுதான் விவரக்குறிப்பு. அந்தச் சொல்லைக் கேட்டாலே முகம் சுளிக்கிற நிரலாளர்களை எனக்குத் தெரியும்; நானும் அப்படித்தான் இருந்தேன். யாரும் படிக்காத தடித்த கோப்பு என்று நினைத்திருந்தேன். அந்த அலமாரியின் முன்னால் நின்றபோதுதான், தன் சேமிப்பைக் கொடுக்கப் போகும் முப்பது பேர் கொடுப்பதற்கு முன்பே படித்துக் கையெழுத்திட்ட விவரக்குறிப்பு என் கையில் இருக்கிறது என்பது உறைத்தது.

ஆனால் ஒப்பந்தம் இருப்பது மட்டும் போதாது. இதற்கு விண்வெளியிலிருந்து ஓர் உதாரணம் உண்டு. 1998 டிசம்பர் 11 அன்று அமெரிக்காவின் நாசா செவ்வாய்க்கு ஒரு விண்கலத்தை அனுப்பியது: மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர். வழியில் கலத்தின் சிறிய உந்துபொறிகள் அவ்வப்போது இயங்கும்போது ஏற்படும் தள்ளுவிசையின் அளவைத் தரையிலிருந்த ஒரு மென்பொருள் கணக்கிட்டு ஒரு கோப்பில் எழுதும். பாதையைக் கணக்கிடும் குழு அந்தக் கோப்பைப் பயன்படுத்தும். இரண்டுக்கும் இடையிலான விவரக்குறிப்பு, எண்கள் நியூட்டன்-விநாடி அலகில் இருக்க வேண்டும் என்று தெளிவாகச் சொல்லியிருந்தது. கோப்பில் வந்ததோ பவுண்டு-விசை-விநாடி. வித்தியாசம் 4.45 மடங்கு. 1999 செப்டம்பர் 23 அன்று கலம் செவ்வாயை அடைந்தபோது, சுமார் 226 கிலோமீட்டர் உயரத்தில் கடந்து செல்லும் என்று எதிர்பார்த்திருந்தார்கள். அது சுமார் 57 கிலோமீட்டர் உயரத்துக்கு இறங்கி வளிமண்டலத்துக்குள் போய்விட்டது. அதன் பிறகு அதனிடமிருந்து எந்தச் செய்தியும் வரவில்லை.

விவரக்குறிப்பு எழுதப்பட்டிருந்தது, அதில் இருந்ததும் சரிதான். அந்தக் கோப்பு விவரக்குறிப்பின்படி இருக்கிறதா என்று கேட்கும் ஒரு சோதனை, அதன் வழியில் எங்கும் அதைத் தடுத்து நிறுத்தவில்லை. இரும்பு அலமாரியில் இருந்த ஒப்பந்தத்தின் நிலையும் இதுதான். என் மென்பொருளில் ஒரு வரிகூட அதைத் தொட்டுப் பார்க்கவில்லை.

2014இல் எல்லாவற்றையும் மறுபடி எழுதத் தொடங்கினேன். இம்முறை நிரலின் பக்கமே போகாமல், ஒப்பந்தத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு குறிப்பேட்டில் விதிகளை எழுதினேன். எனக்கு நானே விதித்துக்கொண்ட கட்டுப்பாடு ஒன்றே ஒன்று: எழுதுகிற ஒவ்வொரு வாக்கியத்துக்கும் கீழே எண்களோடு ஓர் உதாரணம் எழுத முடிய வேண்டும். எழுத முடியவில்லை என்றால் அந்த வாக்கியம் எனக்கு இன்னும் புரியவில்லை என்று பொருள்.

இந்தக் கட்டுப்பாடு என்ன செய்தது என்பதற்கு ஓர் இடம் போதும். சீட்டை எடுத்துவிட்ட சந்தாதாரர், ஏலம் நடந்து ஏழு நாட்களுக்குள் தவணை கட்டாவிட்டால் அந்த மாதப் பங்கு அவருக்குக் கிடையாது என்று ஒப்பந்தத்தில் இருந்தது. தெளிவான வாக்கியம் என்றுதான் நினைத்தேன். உதாரணம் எழுத உட்கார்ந்தேன். ஏலம் 5ஆம் தேதி. பங்கை இழக்காமல் கட்டக் கடைசி நாள் எது? 11ஆம் தேதியா, 12ஆம் தேதியா? மேலாளர், ஏல நாளே முதல் நாள், ஆகவே 11 என்றார். கணக்காளர், ஏல நாளைச் சேர்க்க மாட்டோம், ஆகவே 12 என்றார். இருவரும் பல ஆண்டுகளாக எதிரெதிர் மேசையில் உட்கார்ந்திருந்தவர்கள். இந்த வித்தியாசம் இருப்பது அன்றுதான் இருவருக்கும் தெரிந்தது.

அவ்வளவு காலம் தெரியாமல் போனது எப்படி என்று யோசித்தேன். பணம் வாங்கியவர் மனிதர். 12ஆம் தேதி மூச்சிரைக்க வந்து நிற்பவரிடம் அவர் 1,116 ரூபாயைப் பிடிக்க மாட்டார், முகதாட்சண்யம் இருக்கிறது. விதியில் இருந்த ஓட்டையை அந்தத் தாட்சண்யம் அடைத்துக்கொண்டே வந்திருக்கிறது. கணினிக்கு அது கிடையாது. அதை உள்ளே கொண்டுவரும்போது மனிதர்கள் சத்தமில்லாமல் அடைத்துவந்த ஓட்டைகள் எல்லாம் ஒரே நாளில் திறந்துகொள்ளும். விவரக்குறிப்பை முதலில் எழுது என்று நான் வலியுறுத்துவதற்கு இதுவே முதல் காரணம். கவுண்டரில் ஒருவரின் பணத்தைப் பிடித்த பிறகு 11ஆ 12ஆ என்று கேட்பதைவிட, குறிப்பேட்டில் கேட்பது எல்லோருக்கும் நல்லது. அவர்கள் கலந்து பேசி 12 என்று முடிவு செய்தார்கள். 12 ஞாயிற்றுக்கிழமையாக இருந்தால் 13.

இரண்டாவது காரணத்தை நான் எதிர்பார்க்கவில்லை. விதிகளை வாக்கியங்களாக எழுதி முடித்தபோது, மென்பொருளின் அமைப்பு அந்த வாக்கியங்களுக்குள்ளேயே இருந்தது.

அந்த ஏழு நாள் வாக்கியத்தையே பாருங்கள். அதில் ஏலத் தேதி இருக்கிறது, பணம் கட்டிய தேதி இருக்கிறது, சீட்டை எடுத்தவரா இல்லையா என்ற தகவல் இருக்கிறது. "இன்று" என்ற சொல் இல்லை. ஆனால் என் பழைய நிரல் அந்த இடத்தில் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. வாக்கியத்தில் இல்லாத ஒன்று நிரலில் எதற்கு? புதிய செயற்கூறு இரண்டு தேதிகளையும் அந்த ஒரு தகவலையும் மட்டும் வாங்கிக்கொண்டு, பங்கு உண்டு அல்லது இல்லை என்று சொன்னது. கடிகாரம், தரவுத்தளம், அச்சுப்பொறி எதுவும் அதன் பக்கத்தில் வரவில்லை. கணினியின் தேதியை மாற்றும் வேலை அன்றோடு ஒழிந்தது. பிப்ரவரி 29, வருடக் கடைசி, தொடர் விடுமுறை என்று எந்தத் தேதியை வேண்டுமானாலும் கையில் கொடுத்துக் கேட்கலாம்; ஒரு விநாடிக்குள் நூற்றுக்கணக்கான சோதனைகள் ஓடி முடியும்.

பங்கு பிரிக்கும் வாக்கியமும் இப்படியே. சீட்டுத் தொகை, தள்ளிய தொகை, கமிஷன் விகிதம், ஆட்களின் எண்ணிக்கை, போன மாத மிச்சம் ஆகிய ஐந்தும் உள்ளே போகும். ஆளுக்கு எவ்வளவு, மிச்சம் எவ்வளவு என்ற இரண்டும் வெளியே வரும். ரூபாய்களைத் தசமப் பின்னமாக வைக்காமல் பைசாவில் முழு எண்ணாக வைத்தேன். திரை, ரசீது, பேரேடு மூன்றும் அதே விடையை வாங்கிக் காட்டுமே தவிர, தாமாக வகுக்காது.

சோதிப்பது கடினமாக இருக்கும்போதெல்லாம் இளம் நிரலாளர்கள் சோதனைக் கருவியைக் குறை சொல்வதைப் பார்க்கிறேன். போலித் தரவுத்தளம், போலி அச்சுப்பொறி, போலிக் கடிகாரம் என்று அடுக்கிக்கொண்டே போவார்கள். விதியின் வாக்கியத்தைத் திரும்பப் படியுங்கள் என்றுதான் அவர்களிடம் சொல்வேன். அதில் இல்லாத ஒன்றைச் சோதனை கேட்கிறது என்றால், நிரலைக் கூறுகளாகப் பிரித்த மூட்டு தவறான இடத்தில் விழுந்திருக்கிறது. கணினி அறிவியலாளர் டேவிட் பார்னாஸ் 1972இல் எழுதிய ஓர் ஆய்வுக்கட்டுரை இதற்குப் பக்கத்தில் நிற்கிறது. வேலை எந்த வரிசையில் நடக்கிறது என்று பார்த்து நிரலைக் கூறுகளாக வெட்டாதீர்கள், எந்த முடிவு மாறக்கூடும் என்று பார்த்து ஒவ்வொன்றையும் ஒரு கூற்றுக்குள் மறைத்து வையுங்கள் என்பது அதன் சாரம். நான் அதைப் படித்தது பின்னால்தான். முதலிலேயே படித்திருந்தால்கூட, பட்டபிறகு புரிந்த அளவுக்குப் புரிந்திருக்காது.

மாறக்கூடிய முடிவு என்பதற்கு என்னிடம் நல்ல உதாரணம் இருக்கிறது. பழைய நிரலில் 5 சதவீதம் என்பது ஒன்பது இடங்களில் எண்ணாகவே எழுதப்பட்டிருந்தது. விவரக்குறிப்பை எழுதும்போது, கமிஷன் என்பது கம்பெனியின் குணம் இல்லை, அந்தந்தக் குழுவின் ஒப்பந்தத்தில் இருப்பது என்று தெரிந்தது. ஆகவே அது குழுவோடு போய் உட்கார்ந்தது. 2019இல் சட்டத் திருத்தம் வந்து, சீட்டு நடத்துபவரின் கமிஷன் உச்சவரம்பை 5இலிருந்து 7 சதவீதமாக உயர்த்தியது. ஏற்கெனவே 5 சதவீதத்துக்குக் கையெழுத்திட்ட குழுக்கள் அப்படியே தொடர வேண்டும், புதிய குழுக்களுக்கு மட்டும் புதிய விகிதம். நான் செய்ய வேண்டியிருந்தது, அனுமதிக்கப்படும் உச்சவரம்பை ஓர் இடத்தில் மாற்றுவது மட்டும். பழைய நிரல் ஓடிக்கொண்டிருந்தால், ஓடும் குழுக்களில் முந்நூறுக்கு மேற்பட்டவர்களின் பங்கு ஒரே இரவில் குறைந்திருக்கும்.

விதி சொல்லாமல் விடும் பகுதியையும் எழுதியாக வேண்டும். ஒரு செயற்கூறு என்ன தரும் என்பது ஒரு பாதி. எந்த நிலையில் தரும் என்பது மறு பாதி. கணினி அறிவியலாளர் டோனி ஹோர் 1969இல் இதைக் கணிதமாகவே எழுதிக் காட்டினார்: தொடக்கத்தில் இந்த நிபந்தனை உண்மையாக இருந்தால், நிரல் ஓடி முடிந்தபின் அந்த நிபந்தனை உண்மையாக இருக்கும். பெர்ட்ராண்ட் மேயர் 1980களில் ஐஃபெல் என்ற நிரல்மொழியை உருவாக்கி, இந்த முன்நிபந்தனையையும் பின்நிபந்தனையையும் நிரலுக்குள்ளேயே எழுத வழிசெய்தார். அவர் அதற்கு வைத்த பெயரில் ஒப்பந்தம் என்ற சொல்லே இருக்கிறது.

என் முதல் நிரலில் முன்நிபந்தனை ஏதும் இல்லை. காசாளர் ஒருநாள் 41,000 என்பதற்குப் பதில் 4,100 என்று தட்டிவிட்டார். கமிஷன் 7,500. நிரல் தயங்காமல் கழித்து, மைனஸ் 3,400ஐ 30 பேருக்குப் பிரித்து, ஒவ்வொருவரும் 5,113 ரூபாய் கட்ட வேண்டும் என்று அச்சடித்துக் கொடுத்தது. தள்ளிய தொகை கமிஷனைவிடக் குறையாது என்பது ஏலக் கூடத்தில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும். எனவே அதை யாரும் சொல்லவில்லை, நானும் எழுதவில்லை.

1996 ஜூன் 4 அன்று பிரெஞ்சு கயானாவின் கூரூவிலிருந்து கிளம்பிய ஏரியன் 5 ராக்கெட், இயந்திரங்கள் இயங்கத் தொடங்கிய சுமார் 37 விநாடிகளில் பாதை விலகத் தொடங்கி, சிதறிப் போனதற்கும் எழுதப்படாத நிபந்தனைதான் வேர். ஏரியன் 4இல் நன்றாக ஓடிய வழிநடத்தும் மென்பொருளை அப்படியே எடுத்து வைத்தார்கள். அதில் ஓர் இடத்தில் 64 பிட் இடத்தில் இருந்த தசம எண் ஒன்று, 16 பிட் மட்டுமே கொண்ட சிறிய இடத்துக்கு முழு எண்ணாக மாற்றப்பட்டது. ஏரியன் 4இன் பாதையில் அந்த எண் 16 பிட்டுக்குள் அடங்கும். ஏரியன் 5 கிடைமட்டத்தில் அதைவிட வேகமாக நகரும்; எண் அடங்கவில்லை. ஆபத்தான ஏழு மாறிகளில் நான்குக்குப் பாதுகாப்பு இருந்தது, மூன்றுக்கு விடப்பட்டிருந்தது. புதிய ராக்கெட்டின் பாதை விவரம் அந்தக் கருவியின் விவரக்குறிப்பில் சேர்க்கப்படவே இல்லை என்று விசாரணைக் குழு பதிவு செய்தது. எண் 16 பிட்டுக்குள் இருந்தால் மட்டுமே இந்த மாற்றம் சரி என்ற ஒரு வாக்கியம் நிரலோடு ஒட்டிக்கொண்டு வந்திருந்தால், புதிய ராக்கெட்டுக்கு மாற்றும்போது யாராவது அதைப் படித்திருப்பார்கள்.

விதிகளையும் உதாரணங்களையும் எழுதிவிட்டேன். அவை சரியா என்று சொல்ல வேண்டியவர் கணக்காளர். அவருக்கு நிரலைக் காட்ட முடியாது. அப்போதுதான் குக்கும்பர் என்ற கருவியைப் பற்றிப் படித்தேன். சோதனையைச் சாதாரண வாக்கியங்களாக எழுதினால் அது நிரலோடு இணைத்து ஓட்டும். அதன் கெர்கின் என்ற எழுத்துமுறைக்குத் தமிழ் உட்படப் பல மொழிகளில் குறிச்சொற்கள் உண்டு. தமிழில் அம்சம், காட்சி, கொடுக்கப்பட்ட, எப்போது, அப்பொழுது, மேலும், ஆனால். மகிழ்ச்சியோடு எழுதிப் பார்த்தேன்:

காட்சி: மிச்சம் அடுத்த மாதத்துக்குப் போகிறது
கொடுக்கப்பட்ட 30 பேர் உள்ள 1,50,000 ரூபாய்ச் சீட்டு
எப்போது ஒருவர் 41,000 தள்ளி எடுக்கிறார்
அப்பொழுது ஆளுக்குப் பங்கு 1,116
மேலும் மிச்சம் 20

ஓடியது. ஆனால் படிக்க உறுத்தியது. தமிழில் நிபந்தனை வாக்கியத்தின் கடைசியில் வரும்: "41,000 தள்ளி எடுத்தால்". அந்த "ஆல்" விகுதியில்தான் நிபந்தனையே இருக்கிறது. குறிச்சொல்லைத் தலையில் வைக்கும் கருவி, நம் வாக்கியத்தைத் தலைகீழாக நிற்கச் சொல்கிறது. கணக்காளர் இரண்டு வரி படித்துவிட்டு, "எப்போது என்று என்னைக் கேட்கிறதா?" என்றார். கருவியை உருவாக்கியவர்கள் தமிழையும் சேர்த்ததற்கு எனக்கு நன்றி உண்டு. ஆனால் மொழிபெயர்த்த குறிச்சொல் ஒரு வாக்கியத்தைத் தமிழாக்கிவிடாது.

அதை விட்டுவிட்டு அட்டவணைக்கு மாறினேன். கணக்காளருக்கு அட்டவணை தாய்மொழி. ஒரு வரிசைக்கு ஓர் உதாரணம்; ஆட்கள், தள்ளியது, கமிஷன், முன்மிச்சம், பங்கு, பின்மிச்சம் என்று தலைப்புகள். அந்தக் கோப்பைச் சோதனை நிரல் நேரடியாகப் படிக்கும். அதே கோப்பைத் தாளில் அச்சடித்து அவரிடம் கொடுப்பேன். அவர் சிவப்பு மையில் டிக் போட்டுக்கொண்டே வந்தார். நாற்பது வரிசைகளில் முப்பத்தொன்பது சரி. முதல் மாத வரிசையில் மை நின்றது. அதில் கமிஷன் 7,500 என்று நான் போட்டிருந்தேன்.

"முதல் சீட்டு கம்பெனிச் சீட்டு தம்பி. முழு ஒன்றரை லட்சமும் கம்பெனிக்கு. அதில் தள்ளு ஏது, கமிஷன் ஏது?"

நிரலை ஆயிரம் முறை ஓட்டியிருந்தாலும் இந்தப் பிழை கிடைத்திருக்காது. என் நிரலும் என் சோதனையும் ஒன்றுக்கொன்று பொருந்தின. ஏனென்றால் இரண்டும் என் தலையிலிருந்து வந்தவை. தொழில் தெரிந்தவர் படிக்க முடியாத சோதனை, எழுதியவரின் தவறான நம்பிக்கையையே திரும்பத் திரும்ப உறுதிசெய்யும். இப்போது விவரக்குறிப்பைக் கொடுத்தால் நிரலை எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் வந்துவிட்டன, நானும் பயன்படுத்துகிறேன். நிரல் எழுதும் வேகம் பல மடங்காகிவிட்டது. அந்தச் சிவப்பு மை மட்டும் முன்போலவே மெதுவாகத்தான் நகர்கிறது. அதற்கான நேரத்தை வெட்டுகிற எந்தத் திட்டத்திலும் நான் சேர்வதில்லை.

கடைசியாக ஒன்று. உதாரணங்கள் எத்தனை எழுதினாலும் அவை நாம் நினைத்துப் பார்த்தவை மட்டும்தான். சுவீடனின் சால்மர்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கூன் கிளாசென், ஜான் ஹியூஸ் இருவரும் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட குவிக்செக் என்ற கருவி வேறு வழியைக் காட்டியது. உதாரணம் கொடுக்காதே, எப்போதும் உண்மையாக இருக்க வேண்டிய விதியைக் கொடு. உதாரணங்களைக் கருவியே தாறுமாறாக உருவாக்கி, விதி எங்கே உடைகிறது என்று தேடும். ஹாஸ்கல் மொழிக்காகப் பிறந்த அந்த எண்ணம் இன்று ஏறக்குறைய எல்லா நிரல்மொழிகளுக்கும் வந்துவிட்டது.

சீட்டுக்கு அப்படி ஒரு விதி உண்டா? கணக்காளரின் முதல் கேள்வியே அதுதான். உள்ளே வந்த பணமும் வெளியே போன பணமும் எப்போதும் ஒன்றாக இருக்க வேண்டும். எடுத்தவருக்கு 1,09,000, கமிஷன் 7,500, பங்குகள் 33,480, மிச்சம் 20; கூட்டினால் 1,50,000. முன்மாத மிச்சம் இருந்தால் அதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். இதை எழுதிக் கொடுத்தேன். பத்தாயிரம் ஏலங்களில் உடையவில்லை. பிறகு ஒரு மாத ஏலத்தை மட்டும் பார்க்காமல், ஒரு குழுவின் முப்பது மாதங்களையும் முழுதாக நடத்தி, குழு முடியும்போது கையில் ஒரு ரூபாயும் நிற்கக்கூடாது என்று இன்னொரு விதி சேர்த்தேன்.

உடனே உடைந்தது. கடைசி மாதம் எடுக்க ஒருவர்தான் மிச்சம், ஏலம் கிடையாது. கமிஷன் மட்டும் கழித்து அவருக்கு 1,42,500 போகும். பிரிக்கப் புதிதாக எதுவும் இல்லை. 29ஆம் மாதம் மிஞ்சிய 20 ரூபாயை முப்பது பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு ஒரு ரூபாய்கூட வராது. அடுத்த மாதம் என்று ஒன்றும் இல்லை. அந்த இருபது ரூபாய் யாருக்கு?

அச்சடித்த தாளோடு கணக்காளரிடம் போனேன். அவர் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து, முடிந்துபோன ஒரு குழுவின் பேரேட்டை எடுத்துவந்து கடைசிப் பக்கத்தைத் திறந்தார். கீழே, தேநீர்ச் செலவு என்ற தலைப்பில் பதினான்கு ரூபாய் எழுதியிருந்தது. இன்னொரு குழு: தேநீர்ச் செலவு, இருபத்திரண்டு ரூபாய். ஒவ்வொரு குழுவின் கடைசி ஏலத்தன்றும் வந்தவர்களுக்குத் தேநீர் வாங்கிக் கொடுத்து, மிச்சத்தை அதில் எழுதி நேர்செய்திருக்கிறார். ஒரு ரூபாயும் அவர் எடுத்துக்கொள்ளவில்லை. ஆனாலும் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, "இது ஒப்பந்தத்தில் இல்லையே" என்றார். குரல் தாழ்ந்திருந்தது.

மேலாளரும் அவரும் அன்று மாலை பேசினார்கள். அடுத்து தொடங்கிய குழுவின் ஒப்பந்தத்தில் ஒரு வரி கூடியிருந்தது: இறுதித் தவணையில் பிரிக்க இயலாத மிச்சம் இருப்பின், அது இறுதியாகச் சீட்டுப் பெறும் சந்தாதாரரின் தொகையோடு சேர்க்கப்படும். முப்பது பேரும் அதைப் படித்துக் கையெழுத்திட்டார்கள். என் அட்டவணையில் நாற்பத்தொன்றாவது வரிசையாக அதைச் சேர்த்து, அச்சடித்து அவரிடம் கொடுத்தேன். சிவப்பு மையில் டிக் போட்டு, பக்கத்தில் தேதியும் எழுதினார்.